சென்டீனா: ஒரு லத்தீன் கப்பற்சொல்லை நேர்ப்பொருளிலிருந்து உருவகம் வரை வாசிக்கும் முறை

லத்தீனில் சென்டீனா என்றொரு சொல் இருக்கிறது. கப்பலின் அடிவயிற்றில் தேங்கும் அழுக்கு நீருக்கு அந்தப் பெயர். அகராதியில் அதற்கு அடுத்த வரியிலேயே ‘சமூகத்தின் கசடு, கீழான கும்பல்’ என்று இன்னொரு பொருளும் கிடைக்கும். புதிதாகப் படிப்பவர்கள் முதல் வரியைக் கண்ணால் மட்டும் தொட்டுவிட்டு இரண்டாவது வரிக்குத் தாவிவிடுவார்கள். பிறகு எந்த ஆசிரியரிடம் அந்தச் சொல்லைக் கண்டாலும் ‘கசடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நானும் அப்படித் தாவியவன்தான். ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவின் ஒரு கடிதத்தில் அந்தத் தாவல் என்னை முழுக்கக் கவிழ்த்தது. பின்னர், ஞாயிறு மாலைகளில் இணையவழியில் கூடி லத்தீன் வாசிக்கும் எங்கள் சிறு குழுவில் வரிசையாகப் பலர் அதே இடத்தில் இடறுவதைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் ஓரளவு தெரிந்திருந்தது. எதை முதலில் செய்வது என்பதில்தான் பிழை. ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மேற்கோள் வாக்கியங்களைத் தரும் அகராதி ஒன்று வேண்டும். லூயிஸ்–ஷார்ட் அகராதி (1879) பழையதுதான். ஆனால் பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு லத்தீன் அகராதி கைக்கு எட்டினால் இன்னும் நல்லது. சட்டைப்பை அகராதி உதவாது. அது பொருளைச் சொல்லும், எந்த வாக்கியத்தில் அந்தப் பொருள் பிறந்தது என்று சொல்லாது.

படிக்கும் வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பத்தியாவது மூலம் வேண்டும். காரணம் ஐந்தாம் படியில் தெரியும்.

ரோமானியச் சரக்குக் கப்பலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பாய்மரம், பின்முனை, சுக்கான் பிடி, அடிமரத்தை ஒட்டிய பள்ளம் ஆகிய நான்கையும் குறித்தால் போதும்.

கடைசியாக, நோட்டில் மேலிருந்து கீழாக நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்) கோடிட்டு வையுங்கள்: அருகிலுள்ள வினை, எது கப்பல், எது நீர், யார் யாரிடம் சொன்னது.

ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதைக்குத் திறக்காதீர்கள். அதில் ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை மனத்திலிருந்து பெயர்ப்பது கடினம்.

2. முதலில் கப்பலுக்குள் இறங்குங்கள்

உருவகத்தைத் தொடும் முன் அந்த நீரைப் பற்றி நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

ரோமானியர் பலகைகளை விளிம்போடு விளிம்பாக வைத்து, உள்ளே துளையிட்டு, மரநாக்குகளால் கோத்து, ஆப்பு அடித்துக் கப்பல் கட்டினார்கள். இறுக்கமான வேலை. ஆனாலும் மரக்கப்பல் என்றால் நீர் கசியும். அலை தட்டின்மேல் அடிக்கும், மழையும் பெய்யும். எல்லாம் கடைசியில் அடிமரத்தை ஒட்டிய பள்ளத்துக்குத்தான் இறங்கும். இது முதல் விஷயம்: யாருடைய தவறும் இல்லாமலே அது சேரும்.

இரண்டாவது, அது வெறும் கடல்நீராக இருக்காது. சரக்கிலிருந்து ஒழுகியது, பயணிகள் வாந்தி எடுத்தது, இன்னும் சொல்லத் தேவையில்லாதவை எல்லாம் அதில் கலந்து ஊறும். நாற்றம் அங்கிருந்துதான் வரும்.

மூன்றாவது விஷயத்தைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பள்ளம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. துளை போட்டு வடியவிட முடியாது. போட்டால் கடல் உள்ளே வரும். நம் தெருச் சாக்கடைக்கு வாட்டம் உண்டு, தானாக ஓடிவிடும். சென்டீனாவுக்கு வாட்டம் கிடையாது. யாராவது கீழே இறங்கி, மேலே தூக்கி, வெளியே கொட்ட வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராகூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோன் கட்டிய பெருங்கப்பலைப் பற்றிய வருணனை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அடிப்பள்ளம் மிக ஆழமாக இருந்தும், நீரை மேலேற்றும் ஆர்க்கிமிடிஸின் திருகைக் கொண்டு ஒரே ஆள் அதை இறைத்துவிடுவார் என்று அதில் ஒரு தகவல் வருகிறது. அதைத் தனியாகச் சொல்லிக்காட்டுவதிலிருந்தே சாதாரணக் கப்பல்களில் அது எத்தனை பேரை வாங்கும் வேலை என்பது விளங்கும்.

நான்காவது, இறைக்காவிட்டால் கப்பல் கனத்துத் தாழும். இறைத்தால் இலேசாகி மேலெழும்.

இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தானாகச் சேர்வது, நாறுவது, இறைத்தாலன்றிப் போகாதது, கப்பலைத் தாழ்த்துவது. ஒவ்வோர் எழுத்தாளரும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் எடுத்துக்கொள்கிறார். எதை எடுத்தார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

3. இடமா, நீரா என்று பிரியுங்கள்

சென்டீனா என்பது பள்ளத்தையும் குறிக்கும், பள்ளத்தில் உள்ள நீரையும் குறிக்கும். தமிழில் ‘குளம் நிரம்பியது’ என்றால் இடம், ‘குளத்தைக் குடித்தது’ என்றால் நீர், அதுபோலத்தான். உருவகத்துக்குப் போகும் முன் நேர்ப்பொருள் வாக்கியங்கள் சிலவற்றில் இந்தப் பிரிவைப் பழகிக்கொள்ள வேண்டும். நேர்ப்பொருளில் பழகாதவருக்கு உருவகத்தில் இது பிடிபடாது.

முதுமை பற்றிச் சிசரோ கி.மு. 44இல் எழுதிய உரையாடலில் வயதான ரோமானிய அரசியல்வாதி கேட்டோ பேசுகிறார். கப்பலில் சிலர் பாய்மரம் ஏறுகிறார்கள், சிலர் தட்டில் ஓடுகிறார்கள், சிலர் சென்டீனாவை இறைக்கிறார்கள். சுக்கான் பிடித்தவர் மட்டும் பின்முனையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அதற்காக அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லலாமா என்பது கேட்டோவின் கேள்வி. இங்கே சென்டீனா நீர்.

சீசர் தம் உள்நாட்டுப் போர்க் குறிப்புகளில் கி.மு. 48இல் நடந்த ஒன்றைச் சொல்கிறார். பின்தங்கிய அவருடைய படைக்கப்பல்கள் இரண்டு இரவில் லிஸ்ஸுஸ் என்ற ஊரருகே எதிரியிடம் சிக்குகின்றன. ஒன்றில் புதிய படைவீரர்கள் 220 பேர், மற்றதில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான பழைய வீரர்கள். புதியவர்கள் கடல் குமட்டலில் சோர்ந்து, உயிருக்கு உறுதிமொழி வாங்கிக்கொண்டு சரணடைந்தார்கள். உறுதிமொழியை மீறி அவர்களைக் கொன்றுவிட்டார்கள். பழையவர்களும் புயலாலும் ‘சென்டீனாவின் கேடுகளாலும்’ வாடியவர்கள்தான். அவர்கள் பேச்சுவார்த்தை நடத்துவதுபோல் நேரம் கடத்தி, மாலுமியை மிரட்டிக் கப்பலைக் கரையேற்றித் தப்பினார்கள். இங்கே சென்டீனா என்றால் நாற்றமும் நோயும். நீரா இடமா என்று பிரிக்கத் தேவையே இல்லை. பிரிவு பொருந்தாத இடத்தில் வலிந்து திணிக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நையாண்டிக் கவிஞர் ஜுவனலிடமும் நாற்றம்தான். கணவன் கூப்பிட்டால் மனைவிக்குக் கப்பலின் சென்டீனா தாங்க முடியாததாகிவிடுகிறது, தலை சுற்றுகிறது. கள்ளக்காதலனோடு போகும்போது வயிறு திடமாக இருக்கிறது என்கிறார். பெண்களைப் பழிக்கும் அந்தக் கவிதை எனக்குப் பிடித்ததல்ல. ஆனால் அந்த நாற்றம் எவ்வளவு தெரிந்த சங்கதியாக இருந்தால் ஒரு சொல்லிலேயே அதைச் சொல்லிவிட முடியும் என்று பாருங்கள்.

4. பெயரை விடுங்கள், வினையைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சென்டீனா என்ற பெயருக்கு அருகில் என்ன வினை நிற்கிறது என்று முதல் பத்தியில் எழுதுங்கள். பெரும்பாலும் எக்ஸ்ஹௌரீரே, அதாவது இறைத்து வெறுமையாக்குதல். சில இடங்களில் கொன்ஃப்ளுவெரே, வழிந்து வந்து சேர்தல். தத்துவஞானி செனெகாவிடம் ட்ராஹெரே, உள்ளிழுத்தல். உருவகத்தின் திசையை வினைதான் காட்டும்: நீர் வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா, வெறுமனே கிடக்கிறதா?

வினைக்கு ஏன் இத்தனை மதிப்பு? ரோமானியர்களே அப்படித்தான் கேட்டார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. கி.மு. 63 ஜனவரியில் ருல்லுஸ் என்ற ட்ரிப்யூன் (பாமர மக்களின் பிரதிநிதியான அதிகாரி) ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்திருந்தார். நகரத்துப் பாமரருக்கு நாட்டில் செல்வாக்கு மிகுந்துவிட்டது, அவர்களை இறைத்து வெளியேற்ற வேண்டும் என்று அவர் மேலவையில் பேசியதாகச் சிசரோ மக்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கொக்கி போட்டார்: பாருங்கள், அந்தச் சொல்லையேதான் பயன்படுத்தினார், மிகச் சிறந்த குடிமக்களைப் பற்றியல்ல, ஏதோ ஒரு சென்டீனாவைப் பற்றிப் பேசுவதுபோல!

இதை நிதானமாகப் படியுங்கள். சிசரோ எடுத்துச் சொல்கிறபடி பார்த்தால், ருல்லுஸின் வாயிலிருந்து வந்தது ‘இறைக்க வேண்டும்’ என்ற வினை. சென்டீனா என்ற பெயரைச் சேர்த்தவர் சிசரோ. அந்த ஒரு வினையைக் கேட்டதும் கூட்டத்தில் நின்றவர்கள் கண்முன் கப்பலின் அடிப்பள்ளம் வந்துவிடும் என்று அவர் நம்பினார். பெயர் இல்லாமலே உருவகம் இருந்திருக்கிறது.

ஆகவே ஒரு கூடுதல் வேலை. கப்பலைப் பற்றிப் பேசும் இடத்தில் எக்ஸ்ஹௌரீரே தனியாக வந்தாலும் நோட்டில் குறித்துவையுங்கள். அகராதியில் சென்டீனாவின் கீழ் மட்டும் தேடுபவருக்கு இவை சிக்காது.

5. எது கப்பல், எது நீர்?

இப்போது அடுத்த இரண்டு பத்திகளை நிரப்பலாம். இந்த இடத்தில் ஆறாம் வேற்றுமை காலை வாரும்.

கி.மு. 63 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவின் முகத்துக்கு நேரே மேலவையில் சிசரோ பேசிய முதல் உரையில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது. நீ வெளியேறினால், உன் கூட்டாளிகளின், நாட்டின், பெரிய, நாசகரமான சென்டீனா நகரத்திலிருந்து இறைக்கப்படும். வேண்டுமென்றே சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன், ஏனென்றால் சிக்கல் அதில்தான் இருக்கிறது. ஒரே பெயருக்கு இரண்டு ‘இன்’.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் ‘உன் கூட்டாளிகளுடைய கசடு’ என்று எழுதினார்கள். கூட்டாளிகள் நல்லவர்கள், அவர்களிடம் ஏதோ கசடு ஒட்டியிருக்கிறது என்பதுபோல் ஆகிவிட்டது. முதல் ஆறாம் வேற்றுமை உடைமையைச் சொல்லவில்லை, சென்டீனா எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது: கூட்டாளிகளாகிய சென்டீனா. இரண்டாவது, அது எந்தக் கப்பலில் கிடக்கிறது என்பதைச் சொல்கிறது: நாடு என்னும் கப்பலின் சென்டீனா. சோதிக்க எளிய வழி, ‘ஆகிய’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அது நீர். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கப்பல்.

மறுநாள் மன்றத்தில் மக்களிடம் பேசியபோது அவர் படத்தை இன்னும் விரித்தார். இந்த நகரத்துச் சென்டீனாவை வெளியே எறிந்துவிட்டால் நாடு எவ்வளவு பேறு பெற்றது! கட்டிலினா ஒருவனை இறைத்துக் கொட்டியதிலேயே நாடு இலேசாகிப் புத்துயிர் பெற்றதாகத் தோன்றுகிறது என்றார். ‘இலேசாகி’ என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டாம் படியில் எழுதிய நான்காவது விஷயம் இங்கே வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பவர் அதை ‘நிம்மதியடைந்து’ என்று ஆக்கிவிட்டால் கப்பல் மறைந்துவிடும்.

இதே கட்டிலினா விவகாரத்தை எழுதிய வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் படத்தைத் தலைகீழாக்குகிறார். எங்கெங்கோ இழிசெயலில் முதலிடம் பெற்றவர்கள், பரம்பரைச் சொத்தைக் கேவலமாகத் தொலைத்தவர்கள், குற்றம் செய்து ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், எல்லாரும் சென்டீனாவுக்குள் வந்து சேர்வதுபோல் ரோமுக்குள் வந்து சேர்ந்தார்கள் என்கிறார். வினை இறைத்தல் அல்ல, வந்து சேர்தல். சென்டீனா மக்கள் அல்ல, ரோம் நகரமே. சிசரோவிடம் கப்பலாக இருந்த நகரம் சல்லஸ்டிடம் கப்பலின் மிகக் கீழான பள்ளமாகிவிட்டது. ‘போல’ என்ற உவம உருபையும் அவர் சேர்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பில் அதை விழுங்காதீர்கள்.

இரண்டு வாக்கியங்களையும் ‘ரோமின் கசடுகள்’ என்று ஒரே மாதிரி மொழிபெயர்த்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். என்னுடைய பழைய நோட்டும் அதில் ஒன்று.

6. வசை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்

உருவகம் என்றாலே வசை என்று முடிவுகட்டக் கூடாது. இதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

என்னைக் கவிழ்த்த கடிதம் இதுதான். கி.மு. 46இல், சீசர் கைக்கு அதிகாரம் முழுவதும் போய்விட்ட நாட்களில், சிசரோ தம் நண்பர் பைட்டுஸுக்கு எழுதுகிறார்: அன்று நாம் பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் பிடித்திருந்தோம், இன்றோ சென்டீனாவில்கூட இடம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. நான் ‘கசடுகளிடையேகூட நமக்கு இடமில்லை’ என்று எழுதி வைத்தேன். தவறு. இங்கே வினை இறைத்தலும் இல்லை, சேர்தலும் இல்லை. ‘இடம் இருக்கிறது’ என்பது மட்டும்தான். மூன்றாம் படியைச் செய்திருந்தால் சென்டீனா இங்கே நீர் அல்ல, இடம் என்று உடனே தெரிந்திருக்கும். கப்பலின் மிக உயர்ந்த இருக்கைக்கும் மிகத் தாழ்ந்த மூலைக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறார். யாரையும் திட்டவில்லை, தம் நிலையைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்கிறார்.

மற்றது செனெகா. முதுமையில் உடல் தளர்ந்த பஸ்ஸுஸ் என்பவரைப் பற்றிய கடிதத்தில் சொல்கிறார்: சென்டீனா உள்ளே வரும் கப்பலில் ஒன்றிரண்டு விரிசலை அடைத்துவிடலாம், பல இடங்களில் நெகிழ்ந்து பிளக்கத் தொடங்கினால் காப்பாற்ற முடியாது. இங்கே உடல் கப்பல், மூப்பு கசிவு. சமூகமும் இல்லை, கும்பலும் இல்லை. ‘தானாகச் சேர்வது’ என்ற முதல் விஷயம் மட்டும் இருக்கிறது.

7. யார், யாரிடம், எப்போது

நான்காவது பத்தி கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. பேசியவர் யார் என்று முன்பே பார்த்துவிட்டால், அவரைப் பற்றி நமக்கு இருக்கும் அபிப்பிராயத்தைச் சொல்லின்மேல் ஏற்றிவிடுவோம். வினையும் கப்பலும் நீரும் தெளிந்த பிறகு பார்த்தால் எதிர்பாராதது கிடைக்கும்.

ருல்லுஸ் பாமர மக்களைச் சென்டீனா போலப் பேசினார் என்று மக்கள் கூட்டத்தில் கொதித்தவர் சிசரோ. கி.மு. 60 மார்ச்சில் அவர் தம் நெருங்கிய நண்பர் அட்டிகஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பேச்சு மறுபடியும் ஒரு நிலச்சட்டம் பற்றி. அதை ஒழுங்காக நிறைவேற்றினால் நகரத்துச் சென்டீனாவை இறைத்துவிடலாம், இத்தாலியில் ஆளில்லாத பகுதிகளையும் நிரப்பலாம் என்று நினைத்தேன் என்கிறார். அதே பெயர், அதே வினை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எதிராளியின் வாயில் அவதூறாக இருந்தது, இப்போது தம் சொந்தப் பேனாவில் சாதாரணமாக ஓடுகிறது.

இந்த இரண்டு இடங்களையும் அருகருகே எழுதிப் பார்க்காதவர்கள் ‘சிசரோ பாமரரைச் சென்டீனா என்று அழைத்தார்’ என்றோ, ‘அழைப்பதைக் கண்டித்தார்’ என்றோ ஒற்றை வரியில் முடிப்பார்கள். மேடையில் ஒன்று, நண்பரிடம் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள்.

8. வழித்தோன்றல் மொழிகள்: உதவியும் கண்ணியும்

இத்தாலிய மொழியில் சென்டினா இன்றும் கப்பலின் அடிப்பள்ளம்தான். ‘தீமைகளின் சென்டினா’ என்ற உருவக வழக்கும் உண்டு. போர்த்துகீசிய மொழியில் அது கழிப்பறை வரை இறங்கிவிட்டது. இவை ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை, ஆதாரமாகக் காட்ட அல்ல.

ஆங்கிலம்தான் பெரிய கண்ணி. அதில் அடிப்பள்ளத்துக்கு வழங்கும் ‘பில்ஜ்’ என்ற சொல்லுக்கும் உருவகப் பொருள் உண்டு. ஆனால் அது ‘உளறல், அபத்தம்’ என்று வேறு திசையில் போய்விட்டது. சென்டீனா எந்த ஆசிரியரிடமும் உளறலைக் குறிப்பதை நான் கண்டதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை மூடிவைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

9. தமிழுக்குக் கொண்டுவருதல்

நான்கு பத்திகளும் நிரம்பிய பிறகே தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடக் கூடாது. வினையையும் திசையையும் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ‘சாக்கடை’. ‘அரசியல் ஒரு சாக்கடை’ என்று நாம் தினமும் சொல்வதால் கைக்கு உடனே வந்துவிடுகிறது. சல்லஸ்டின் வாக்கியத்தில் அது ஏறக்குறைய பொருந்தும், ஏனென்றால் அங்கே அழுக்கு வந்து சேர்கிறது. கட்டிலினா உரையில் பொருந்தாது. சாக்கடையை யாரும் இறைத்துக் கப்பலைக் காப்பாற்றுவதில்லை.

‘கசடு’ அழகான சொல். ஆனால் கசடு அடியில் படிவது, நீர் அசைவது. கசடு கப்பலை மூழ்கடிக்காது.

‘அடித்தட்டு’ என்ற சொல்லில் தனிக் கவனம் வேண்டும். அடித்தட்டு மக்கள் என்று நாம் இன்று ஏழை எளியவர்களை மரியாதையாகவே சொல்கிறோம். கப்பலின் அடித்தட்டுதானே என்று எண்ணிக் கட்டிலினாவின் கூட்டத்துக்கு அதை எழுதினால், சிசரோ ஒரு சதிக்கும்பலை நோக்கி வீசிய வசை ஏழைகள் தலையில் விழும். அந்தக் கூட்டத்தில் கடனில் மூழ்கிய உயர்குடியினர் பலர் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் பைட்டுஸ் கடிதத்துக்கு அதே சொல் கச்சிதம்: ‘அன்று பின்முனையில் அமர்ந்து சுக்கான் பிடித்தோம், இன்று அடித்தட்டில்கூட ஒண்ட இடமில்லை.’

எக்ஸ்ஹௌரீரே என்ற வினைக்கு ‘இறைத்தல்’ என்று நமக்கு அப்படியே ஒரு சொல் இருக்கிறது. ஒரே குறை, தமிழில் இறைத்தல் பெரும்பாலும் நல்ல வேலை. கிணற்றிலிருந்து வயலுக்கு இறைக்கிறோம். நீர் வேண்டும் என்பதற்காக இறைக்கிறோம். ஆகவே ‘இறைத்துக் கொட்டு’, ‘இறைத்து வெளியேற்று’ என்று துணைவினை ஒன்றைச் சேர்த்தால்தான் வேண்டாத நீர் என்பது விளங்கும். முதல் கட்டிலினா உரையின் வாக்கியத்தை நான் கடைசியாக இப்படி வைத்தேன்: ‘நீ வெளியேறிவிட்டால், இந்த நாட்டுக் கப்பலின் அடியில் தேங்கிக் கிடக்கும் நாசகார அழுக்குநீராகிய உன் கூட்டாளிகளும் நகரைவிட்டு இறைத்துக் கொட்டப்படுவார்கள்.’ லத்தீனில் ‘கப்பல்’ என்ற சொல் இல்லை. ரோமானியருக்குச் சென்டீனா என்றாலே கப்பல் தெரியும், நமக்குத் தெரியாது என்பதால் சேர்த்தேன். இப்படிச் சேர்ப்பதை ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த உரையில் ‘இலேசாகி’ என்ற சொல்லே கப்பலை நினைவூட்டிவிடும்.

10. லத்தீன் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

முடித்ததும் வரைவை உரக்க வாசியுங்கள்; கேட்பவர் லத்தீன் தெரியாதவராக இருக்கட்டும். ‘புரிகிறதா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘இப்போது நீர் எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் உருவகம் எங்கோ கசிந்துவிட்டது. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை ஒருவர் தம் அக்காவை அழைத்துவந்தார். அவர் மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவர். மேலே சொன்ன வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன். ‘வள்ளத்தில் கேனை வெட்டித்தான் இறைப்போம். இறைத்து முடித்து நிமிர்ந்தால் மறுபடியும் கால் நனையும். ஒருவன் போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று இந்த மனிதர் எப்படிச் சொல்கிறார்?’ என்று கேட்டார்.

‘இறைப்பவர்க்கு ஊற்றுநீர் போல மிகும்’ என்று குறள் (1161) காதல் நோய்க்குச் சொன்னதைத்தான் அவர் வள்ளத்துக்குச் சொன்னார். நான் இரண்டாம் உரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டிலினா வெளியேறிவிட்டான், ஆனால் அவன் தன் படைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று தொடக்கத்திலேயே சிசரோ அங்கலாய்க்கிறார். முதல் நாள் முழுச் சென்டீனாவும் இறைபடும் என்று சொன்னவர், மறுநாள் ‘எறிந்துவிட்டால்’ என்று நிபந்தனை போடுகிறார். இறைக்கப்பட்டது ‘ஒருவன்’ மட்டும். அந்த ‘ஒருவன்’ என்ற சொல்லை என் முதல் வரைவில் விட்டிருந்தேன். அன்றிரவே சேர்த்தேன்.